சத்தம் சரியில்ல தம்பி: கதை எழுதுகிறவர்களுக்குப் பட்டறையில் என்ன பாடம்?

எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவைக் கரையான் தின்றுவிட்டதால் புதுக் கதவு செய்ய ஆசாரி வந்திருந்தார். நான்கு நாள் வேலை. நான்கு நாளும் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாதியில் நின்றுபோன ஒரு கதை மேசைமேல் கிடந்தது. அதன் முகத்தில் விழிக்காமல் இருக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இரண்டாம் நாள் காலை ஒரு பலகையை இழைக்க ஆரம்பித்தார். இழைப்புளி இரண்டு தள்ளுதான் போயிருக்கும். நிறுத்தினார். பலகையைத் தலைகால் மாற்றிப் போட்டு மறுமுனையிலிருந்து தள்ளினார். மரம் சுருள் சுருளாக வந்து விழுந்தது.

“ஏண்ணே திருப்பிட்டீங்க?”

“சத்தம் சரியில்ல தம்பி.”

இரண்டு சத்தத்துக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் பலகையைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை. கை தள்ளியது, காது கேட்டது, கை நின்றது. ‘கதைக்கு கிராஃப்ட் முக்கியம்’ என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறோமே, அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள் என்பது அந்த இரண்டு தள்ளுகளுக்கு நடுவில்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. எழுதத் தொடங்குகிறவர்களை மனத்தில் வைத்து அதை இங்கே பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

சொல் ஒன்று, பொருள் மூன்று

கிராஃப்ட், கைத்திறன், நுட்பம் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அது விதிப் பட்டியல்: முதல் வரியில் வாசகனை இழு, மூன்றாம் பக்கத்தில் சிக்கல் வை, முடிவில் ஒரு திருப்பம் கொடு. சிலருக்கு அது அலங்காரம்: நிலாவுக்கு இதுவரை யாரும் சொல்லாத உவமை. இன்னும் சிலருக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. “எழுத்தெல்லாம் பொறக்கும்போதே வரணும் சார், கத்துக்கிட்டு வராது” என்பார்கள்.

இந்த மூன்றாவது கட்சிக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஞாபகம் வரும். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற முதல் வரியைப் பேச்சுப் போட்டிக்குப் போன எல்லோரும் சொல்லியிருப்போம். அதோடு நிறுத்தியிருப்போம். பாட்டின் முடிவில்தான் பிறவிக் குணங்கள் எவை என்ற கணக்கு வருகிறது: நட்பு, தயை, கொடை. அவ்வளவுதான். சித்திரத்தையும் தமிழையும் கல்வியையும் நடையையும் பழக்கத்தின் பக்கம்தான் பாட்டி வைத்திருக்கிறாள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். கைத்தொழிலிலிருந்து கற்பது வேறு, கைத்தொழிலைப் பற்றி எழுதுவது வேறு. கும்பகோணத்தில் சரிகை வியாபாரம் பார்த்த எம். வி. வெங்கட்ராம், சௌராஷ்டிர நெசவாளர்களின் வாழ்க்கையை நாவலாக எழுதினார். அங்கே தொழில் கதைக்குச் சரக்காக வருகிறது. நான் பேசப்போவது சரக்கைப் பற்றி இல்லை, வேலை செய்யும் முறையைப் பற்றி. தறியையே பார்த்திராத ஒருவர் பேருந்து நடத்துநரைப் பற்றிக் கதை எழுதும்போதும் தறிக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றி.

பாகு பதம்

சமையலறையிலிருந்து தொடங்குவோம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது குறிப்பில் என்ன எழுதியிருக்கும்? ‘பாகு பதம் வந்ததும் இறக்கவும்.’ பதம் எப்போது வரும் என்று அந்த வரிக்குத் தெரியாது. அத்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடுவாள். கரைந்தால் ஆகவில்லை. திரண்டு, விரலால் உருட்ட வந்தால் ஆயிற்று. பத்து வருடம் கழித்து அவளுக்குக் கிண்ணமும் வேண்டியிருக்காது. கரண்டியிலிருந்து பாகு விழுகிற விதத்தையும் கொதியின் சத்தத்தையும் வைத்தே அடுப்பை அணைத்துவிடுவாள். “எப்படித் தெரிஞ்சுது?” என்றால் “தெரியும்” என்பாள். மறைக்கிறாள் என்று நினைக்கக் கூடாது. உண்மையாகவே அவளுக்கு அதற்குமேல் சொல்ல வராது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து, வேதியியலாளராக இருந்து, பின்னால் தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி, சொல்லிக் காட்ட முடிவதைவிட அதிகமாகவே மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றார். 1966-இல் வந்த அவருடைய நூல் இதைச் சுற்றியே எழுதப்பட்டது. செய்ய வரும், சொல்ல வராது என்ற வகை அறிவை உள்ளுறை அறிவு என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள் ஓட்டுவது இந்த வகை. சாய்கிற பக்கமே கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி நிமிரும் என்பது ஓட்டுகிற எல்லோருடைய கைக்கும் தெரியும். கேட்டால் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் திருப்புவதாகச் சொல்வார்கள்.

இழைப்புளிச் சத்தமும் அதுதான். மரத்தின் நார்கள் பலகையின் பரப்புக்கு நேர் இணையாக ஓடுவது அபூர்வம். எங்காவது லேசாகச் சாய்ந்து ஏறும் அல்லது இறங்கும். அந்த ஓட்டத்தைத்தான் ரேகை என்கிறோம். சாய்வு போகிற பக்கம் தள்ளினால் உளியின் அலகு நாரை அறுத்துக்கொண்டு வழுக்கிப் போகும். எதிர்த்துத் தள்ளினால் அலகு நாருக்கு அடியில் புகுந்து, அறுப்பதற்கு முன்பே நாரைப் பிளந்து தூக்கிவிடும். பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளக்கத் தொடங்கும்போது சத்தம் சொரசொரப்பாகிறது. ஆசாரி கேட்டது அதைத்தான். நான் அப்போது பலகையைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு தள்ளு போன இடத்தில் சின்னச் சின்னதாகச் செதில் கிளம்பியிருந்தது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கைத்திறன் என்பது விதிகளை மனப்பாடம் செய்வதோ மேல்பூச்சோ இல்லை. பொருள் கொடுக்கிற சின்னச் சின்னக் குறிப்புகளைப் படித்து, வேலை நடக்கும்போதே கையை மாற்றிக்கொள்ளும் திறமை. அதில் பெரும்பகுதி வாயால் சொல்ல வராது.

மரம் பேசும், தாள் பேசாது

இந்த அறிவு எப்படி உள்ளே போகிறது? செய்கிறோம், பொருள் பதில் சொல்கிறது, திருத்திக்கொள்கிறோம், மறுபடி செய்கிறோம். இந்தச் சுற்று ஆயிரக்கணக்கான தடவை நடக்க வேண்டும். இரண்டாவதாக, பதில் சீக்கிரம் வர வேண்டும், பொய் சொல்லக் கூடாது.

தச்சருக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. தவறாகத் தள்ளிய அடுத்த நொடியே மரம் செதில் கிளப்பும். கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு இருக்கிறது. சுவர் சாய்ந்திருந்தால் நூலுக்கும் செங்கலுக்கும் நடுவில் இடைவெளி தெரியும். மேஸ்திரியின் மைத்துனர் கட்டிய சுவர் என்பதற்காகக் குண்டு நேராகத் தொங்கிவிடாது.

எழுதுகிறவருக்கு என்ன இருக்கிறது? தாள் எதையும் ஏற்றுக்கொள்ளும். மோசமான வாக்கியத்தையும் நல்ல வாக்கியத்தையும் அது ஒரே அமைதியோடு வாங்கிக்கொள்கிறது. திரையும் அப்படித்தான், எழுத்துப்பிழைக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டால் உண்டு. வாசகரின் பதிலோ மாதக்கணக்கில் தள்ளி வருகிறது, வந்தாலும் “அருமை தோழர்” என்று வருகிறது. இருபது வருடம் எழுதியும் முன்னேறாதவர்கள் இருக்கிறார்கள் என்றால் உழைப்புக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். பதில் சொல்லாத பொருளோடு இருபது வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே பட்டறையிலிருந்து கதைக்காரர் முதலில் எடுத்துவர வேண்டியது உளியை இல்லை, பதிலை. தன் பொருளைப் பேசவைக்க ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நானறிந்த ஏற்பாடுகளில் மலிவானது உரக்கப் படிப்பது. மூச்சு எங்கே முட்டுகிறது, நாக்கு எங்கே இடறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். நாப்பழக்கம் என்று பாட்டி சொன்னது சும்மா இல்லை.

அதைவிட நல்லது, வேறொருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்பது. படித்து முடித்ததும் “எப்படி இருக்கு?” என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. தச்சர் மரத்திடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. படிக்கிறவர் எந்த வரியில் பின்னோக்கிப் போய் மறுபடி படித்தார், எந்தப் பத்தியில் குரல் வேகமெடுத்து ஓடியது, எங்கே தண்ணீர் குடித்தார் என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். என் தங்கை என் கதையைப் படிக்கும்போது ஒரே பக்கத்தில் இரண்டு தடவை கைபேசியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் இப்போது கதையில் இல்லை.

மொழிக்கும் ரேகை உண்டு

மரத்துக்கு ரேகை இருப்பதுபோல் மொழிக்கு இருக்கிறதா என்று கேட்டால், தமிழில் அதைக் கையால் தொட்டே காட்டலாம்.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். அதற்கு முன்னால் ‘திறந்து’, ‘கழற்றி’, ‘போட்டு’ என்று முடியாமல் நிற்கும் வினைகளைக் கோத்துக்கொண்டே போகலாம். இலக்கணத்தில் இவற்றை வினையெச்சம் என்பார்கள். இந்த வரியைப் பாருங்கள்:

‘கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, தடவித் தடவி விளக்கைப் போட்டுத் திரும்பினால், அப்பா உட்கார்ந்திருந்தார்.’

ஒவ்வொரு எச்சமும் வாசகரை ஒரு அடி உள்ளே கூட்டிப்போகிறது. முடியாத வினை என்பதால் அவரால் நின்றுவிட முடியாது. கடைசி வினையில்தான் கால் தரையில் படுகிறது, அங்கே அப்பா இருக்கிறார். இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

‘அவன் அப்பா உட்கார்ந்திருப்பதைக் கண்டான், அவன் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது.’

செய்தி அதேதான். ஆனால் செதில் கிளம்பிவிட்டது. அப்பா முதலிலேயே வந்துவிட்டதால் கதவும் விளக்கும் வாலாகத் தொங்குகின்றன. வேறு மொழியின் மரத்தை இழைத்துப் பழகிய கை, தமிழ்ப் பலகையை எதிர்த்துத் தள்ளியிருக்கிறது. மொழிபெயர்ப்பு நாவல்களை நிறையப் படித்துவிட்டு எழுத வரும் நம்மில் பலருக்கு இந்தக் கோளாறு உண்டு. எனக்கும் இருந்தது.

பாத்திரங்களின் பேச்சிலும் ரேகை இருக்கிறது. அப்பாவின் திதிக்கு வராத மகன் மறுநாள் தொலைபேசியில் கூப்பிடுகிறான். அம்மா என்ன சொல்வாள்? ‘நீ வராதது எனக்கு மிகுந்த மனவேதனையைத் தந்தது’ என்று எழுதினால் எந்த அம்மாவும் அப்படிப் பேச மாட்டாள் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, வேதனை என்ற சொல் வந்த உடனே வேதனை காணாமல் போய்விடுகிறது. ‘காக்காய்க்கு வெச்சாச்சு. உனக்கும் ஒரு எலை போட்டிருந்தேன், மடிச்சிட்டேன்’ என்றால் அவள் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் கேட்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். வட்டார வழக்கை அள்ளித் தெளித்தால் ரேகை வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிளைவுட்டின்மேல் தேக்கு ரேகை அச்சடித்த தாளை ஒட்டுவார்களே, அந்த வேலை அது. தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காஜா பையன் பட்டன் துளையிலிருந்து தொடங்குகிறான்

பழைய தையற்கடைகளில் வேலைக்குச் சேரும் சிறுவனைக் காஜா பையன் என்பார்கள். காஜா என்றால் பட்டன் நுழையும் துளை. அந்தத் துளையின் ஓரத்தைக் கையால் சுற்றித் தைப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்து அடிப்பது இதெல்லாம் அவன் வேலை. மெஷினில் உட்கார வருடமாகும். துணி வெட்டுகிற மேசைப் பக்கம் போவதற்குள் மீசை முளைத்துவிடும். கடைக்காரர் எடுபிடி வேலை வாங்குகிறார் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும், அதில் உண்மையும் இருக்கிறது. குழந்தை உழைப்பை நான் இனிப்புத் தடவி விற்க வரவில்லை.

ஆனால் அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் வய், கோலா என்ற இரண்டு இனங்களைச் சேர்ந்த தையற்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்களைக் கூடவே இருந்து பார்த்தார். அங்கும் இதே தலைகீழ் வரிசை. உடுப்பு உருவாகும் வரிசை வெட்டு, தையல், முடிப்பு. கற்கும் வரிசை முடிப்பு, தையல், வெட்டு. தொப்பி, உள்ளாடை, குழந்தைத் துணி என்று தொடங்கி, விலை உயர்ந்த கோட்டு கடைசியில்தான்.

இதில் இரண்டு லாபம். பட்டன் வைப்பதில் பிழை செய்தால் நூலோடு போகும், வெட்டில் பிழை செய்தால் துணியே போகும். அடுத்தது இன்னும் நுட்பமானது. முடிக்கிற வேலையை நூறு சட்டைக்குச் செய்தவனுக்கு, சட்டை முழுசாக எப்படி இருக்க வேண்டும் என்பது விரலில் ஏறிவிடுகிறது. எந்தத் தையல் இழுக்கும், எங்கே துணி கூடுதலாக விட்டிருக்க வேண்டும் என்பதை வெட்டத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுகிறான்.

நாம் எழுதக் கற்பது நேர் எதிர்த்திசையில். முதல் வேலையே வெட்டு. அதுவும் முந்நூறு பக்க நாவல், மூன்று தலைமுறை, நடுவில் ஒரு பஞ்சம். முடிவு வேலையை நாம் செய்ததே இல்லை. இதைத் திருப்பிப் போட வழி உண்டு. நண்பருடைய கதையின் கடைசி வரைவை வாங்கி, வரிவரியாக மெய்ப்புப் பார்த்துக் கொடுங்கள். பிறகு வேறொருவர் கதையில் ஒரு பத்தியை மட்டும் பாதியாகச் சுருக்கிப் பாருங்கள். எழுத்தாளர் விந்தன் அச்சுக் கோப்பவராக வேலை பார்த்தவர். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினும் சிறுவயதில் அச்சகத்தில் தொழில் பழகியவர்தான். பிறருடைய வாக்கியங்களை எழுத்து எழுத்தாகக் கையில் எடுத்து அடுக்கியவர்களுக்கு ஒரு வாக்கியத்தின் எடை நம்மைவிடக் கொஞ்சம் முன்னதாகவே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். அச்சுக் கோத்தவர்கள் எல்லோரும் எழுத்தாளர் ஆகிவிடவில்லை என்பதும் உண்மைதான்.

மறுபடி ஒரு சுருக்கம்: பொருள் பதில் சொன்னால்தான் கை பழகும். எழுத்தில் அந்தப் பதிலை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பெரிய வெட்டுக்கு முன்னால் சின்ன முடிப்புகளில் கை பழகுவது நல்லது.

பணய வேலை, உறுதி வேலை

சரி, அப்படியானால் கதை எழுதும் விதிகள், அச்சுகள், ‘மூன்று அங்க அமைப்பு’ எல்லாம் வீணா? இதற்கு நல்ல விடை வைத்திருப்பவர் டேவிட் பை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புக் கற்பித்தவர், மரம் கடைபவர். 1968-இல் வந்த தன் நூலில் வேலையை இரண்டாகப் பிரித்தார்.

வேலை நடக்கும் ஒவ்வொரு நொடியும் அதன் தரம் பணயத்தில் இருக்கிறது, செய்பவரின் கவனமும் கணிப்பும் தவறினால் கெட்டுப்போகும் என்றால் அது பணய வேலை. தரம் முன்பே தீர்மானமாகிவிட்டது, பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒரே மாதிரி வரும் என்றால் அது உறுதி வேலை. இரண்டுக்கும் அவர் கொடுத்த உதாரணம் நம் வீட்டுச் சங்கதி: பேனாவால் எழுதுவது பணய வேலை, நவீன அச்சடிப்பு உறுதி வேலை.

ஆனால் பணய வேலைக்காரர்கள் பணயத்தைக் குறைக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் ஆசாரி, கதவுச் சட்டத்தில் ஒரே அளவில் துளைகள் போட வேண்டியிருந்தபோது, ஒரு மரத்துண்டில் அளவு குறித்து ஆணி அடித்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அளக்காமல் அந்தத் துண்டை வைத்துக் கோடு இழுத்தார். இப்படிக் கையை வழிநடத்தும் துணைக்கருவியைப் பட்டறையில் ஜிக் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு கோடு போட்டாரே தவிர, உளியை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதைத் தன் கையிடமே விட்டார்.

எழுத்து விதிகளும் ஜிக் தான். கதை முழுவதையும் ஒருத்தியின் கண் வழியாகவே சொல்வது, ஒரே நாளுக்குள் நடப்பதாக வைத்துக்கொள்வது, ஒரே ஊரைவிட்டு வெளியே போகாமல் இருப்பது எல்லாம் ஜிக். எங்கே தடுமாறுவோமோ அங்கே ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டால் மற்ற இடத்தில் துணிந்து போகலாம். கோளாறு எங்கே வருகிறது என்றால், அடுத்தவர் வேலைக்குச் செய்த ஜிக்கை வாங்கி வந்து, அதையே கதவென்று மாட்டிவிடும்போது. இன்ன பக்கத்தில் திருப்பம் என்று அளந்து வைத்த கதைகளைப் படிக்கும்போது எனக்கு அந்த ஆணி அடித்த மரத்துண்டுதான் கண்ணில் தெரிகிறது.

உலோகம் ஊற்றும் கொஞ்ச நேரம்

சுவாமிமலைக்குப் போனால், உலோகச் சிலை செய்யும் ஸ்தபதிகளின் பட்டறையில் எல்லோரும் படம் பிடிப்பது ஒரு காட்சியைத்தான்: தகதகவென்று உருகிய உலோகத்தை மண் உறையின் வாய்க்குள் ஊற்றுவது. நெருப்பு, புகை, வியர்வை. எழுத்தைப் பற்றி நம் மனத்தில் இருக்கும் படமும் இதுவே. ராத்திரி முழுக்கத் தூங்காமல், காப்பி குடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து கொட்டுவது.

ஆனால் அந்த ஊற்று மொத்த வேலையில் மிகச் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் தென்னங்கீற்றின் ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளவு பிரிப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் கை, கால், உடல் என்று தனித்தனியாகச் செய்து ஒட்டுவார்கள். நகைகள், விரல்கள், ஆடை மடிப்பு எல்லாம் மெழுகிலேயே வந்துவிட வேண்டும். அதன்மேல் காவிரியின் நைஸான வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி நிழலில் உலர்த்தி, அடுத்தடுத்துக் கொஞ்சம் முரட்டு மண்ணாகப் பூசி, பெரிய சிலையென்றால் கம்பி கட்டி, பிறகு வறட்டி நெருப்பில் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குத்தான் உலோகம்.

மெழுகில் விரல் ரேகை பதிந்திருந்தால் உலோகத்திலும் பதியும். நெருப்பு எதையும் திருத்தித் தராது. ஆறியபின் மண் உறையை உடைக்கிறார்கள், ஆகவே அதே அச்சில் இரண்டாவது சிலை கிடையாது. உடைத்ததும் வெளியே வருவது நாம் கோயிலில் பார்க்கும் சிலையில்லை. கருத்து, சொரசொரத்து, உலோகம் ஓடிய வழிகள் கொம்புபோல நீட்டிக்கொண்டு நிற்கும். அதை அறுத்து, அரத்தால் ராவி, உளியால் தீர்த்து மெருகேற்றுவதற்கு நாள்கணக்கில் ஆகும். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

கதையில் மெழுகு வேலை என்பது எழுத உட்காருவதற்கு முந்தைய வேலை. அண்ணன் எந்தப் பேருந்தில் போனான், அன்று வீட்டில் என்ன சமையல், அந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்துவைப்பது. இதில் பெரும்பகுதி மெழுகைப் போலவே உருகி வெளியே போய்விடும், கதையில் ஒரு வரியாகக்கூட வராது. அது விட்டுப்போன வடிவம் மட்டும் இருக்கும். அந்த வடிவம் இல்லாமல் ஊற்றினால் தரையில் ஒரு குட்டை உலோகம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்தபதிக்கு ஊற்று ஒருமுறைதான். நமக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றலாம், காகிதம் மலிவு, திரை அதைவிட மலிவு. பெரிய சலுகை இது. மெழுகில் நாம் அசட்டையாக இருப்பதற்கும் இந்தச் சலுகைதான் காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

பசை போடாத பலகை

மூன்றாம் நாள் சட்டம் பூட்டினார்கள். நான்கு பக்கச் சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுத்து, நடுப்பலகையை அதற்குள் செருகினார். சட்டத்தின் மூட்டுகளுக்குப் பசை தடவினார், முளை அடித்தார். நடுப்பலகைக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஆட்டிப் பார்த்தேன், லேசாக ஆடியது. மறந்துவிட்டாரோ என்று நினைத்து, “இதுக்குப் பசை?” என்றேன்.

“அதுக்குப் போடக் கூடாது தம்பி. மழைக்கு ஊதும், வெயிலுக்கு இறுகும். புடிச்சு வெச்சா வெடிச்சிரும்.”

மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் ஈரத்தை வாங்கி விரியும், உலர்ந்து சுருங்கும். அகலமான பலகையை நான்கு பக்கமும் இறுக்கிவிட்டால் அந்த வேகத்தில் ரேகையோடு பிளந்துகொள்ளும். அதனால் சட்டம் இறுக்கமாகவும் பலகை தளர்வாகவும் இருக்க வேண்டும். கதவு பல வருடம் நிற்பது அந்த நூலிழை இடைவெளியால்.

மேசைமேல் கிடந்த என் கதை வீட்டைவிட்டுப் போன அண்ணனைப் பற்றியது. அவன் ஏன் போனான் என்பதற்கு மூன்று பத்தி எழுதியிருந்தேன்: அப்பாவின் கடன், ஒரு பெண், கன்னத்தில் ஒரு அறை விழுந்த மாலை. எல்லாம் இருந்தது, கதைதான் அசையவில்லை. அன்று ராத்திரி அதை உரக்கப் படித்தபோது அந்த மூன்று பத்தியிலும் என் குரல் வக்கீல் குரலாக மாறுவது கேட்டது. சம்பவங்கள் நடக்கும் வரிசை, யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்பதெல்லாம் சட்டம். அது இறுக வேண்டும். அவன் ஏன் போனான் என்பது பலகை. அதற்கும் நான்கு பக்கம் பசை போட்டு வைத்திருந்தேன். மூன்று பத்தியையும் எடுத்துவிட்டு, அறை விழுந்த மாலையில் அம்மா அணைக்க மறந்த அடுப்பை மட்டும் விட்டேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியாது.

கதவு மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. இப்போது ஐப்பசி மழை. கதவு கீழ்ப்பக்கம் நிலையில் பிடிக்கிறது. ஆசாரிக்குத் தொலைபேசி போட்டு, வந்து கொஞ்சம் இழைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

“இப்ப எழைச்சா வெயில் காலத்துல சந்து விழுந்துரும். பல்லி உள்ள வரும். தை பொறக்கட்டும், அப்பவும் புடிச்சா கூப்பிடுங்க.”

தோளால் ஒரு இடி கொடுத்துத்தான் திறந்துகொண்டிருக்கிறோம்.